முகமது அலியின் வாய்

மூன்றாவது முறையாகக் கிழித்தேன்.

நாலடிக்கு மூன்றடி ப்ளைவுட் பலகை. அதன் மேல் காடாத்துணி ஒட்டி, அதற்கும் மேலே பழைய நாளிதழ்த் துண்டுகள், மணல்தாள், மருந்துக்கடை பேண்டேஜ் துணி, கொஞ்சம் கறுப்பு எனாமல். இதையெல்லாம் வைத்து முகமது அலியின் முகத்தைக் கொண்டுவர வேண்டும் என்று போன மழைக்காலத்தில் ஓர் ஆசை வந்தது. மிக்ஸட் மீடியா என்று பெரிய பெயர் சொல்லிக்கொள்ளலாம். வீட்டில் அதற்குப் பெயர் குப்பை. கண் வந்துவிட்டது. மூக்கு வந்துவிட்டது. நெற்றியில் வெளிச்சம் விழும் இடத்துக்கு மளிகைக்கடை காலண்டரின் பின்பக்கத் தாளைக் கிழித்து ஒட்டினேன். நான் நினைத்ததைவிட நன்றாகவே அமைந்தது. வாய் மட்டும் வரவில்லை.

முதலில் சிரிக்கிற வாய் வைத்தேன். பற்பசை விளம்பரம் மாதிரி இருந்தது. அப்புறம் மூடிய வாய். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த ஆள். மூன்றாவதாகக் கத்துகிற வாய். அவர் உலக சாம்பியன் இல்லை, பஸ்ஸை விட்டுவிட்டு ஓடுகிறவர்.

எங்கள் பக்கத்தில் ஓர் ஆர்ட்டிஸ்ட் அண்ணன் இருக்கிறார். ராயபுரத்தில் சைன்போர்டும் கட்-அவுட்டுமாக வாழ்ந்தவர். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைச் சுருட்டிய பிறகு ஆட்டோவின் முதுகில் பெயர் எழுதுவது, பள்ளிக்கூடச் சுவரில் திருக்குறள் எழுதுவது என்று காலத்தை ஓட்டுகிறார். கட்டம் போட்டு நாற்பதடி முகத்தை ஏற்றியவர். அவர் ஒரு தடவை சொன்னது: "கண்ணு கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் ஆளு தெரிஞ்சிடும்பா. வாய் தப்பிச்சின்னா வேற ஆளு."

அலி விஷயத்தில் இது இன்னும் கறார். மனிதரே வாயால் வளர்ந்தவர். கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் 1942இல் பிறந்த கேஸியஸ் கிளேவுக்கு (அலிக்கு வீட்டில் வைத்த பெயர் அதுதான்) ஆரம்பத்தில் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயரே 'லூயிவில் லிப்'. நம்மூரில் என்றால் வாயாடி என்றிருப்பார்கள், கொஞ்சம் கோபத்தில் வாய்க்கொழுப்பு என்றிருப்பார்கள். எதிராளி எத்தனையாவது சுற்றில் விழுவான் என்று முன்கூட்டியே எதுகை மோனையோடு பாட்டுக் கட்டிச் சொல்வார். 1963 மார்ச்சில், பட்டம் வாங்க இன்னும் ஒரு வருஷம் இருக்கும்போதே, டைம் பத்திரிகை அவரை அட்டையில் போட்டது. போரிஸ் சாலியாபின் வரைந்த படம். அதில் ஒரு ஜோடி குத்துச்சண்டைக் கையுறைகளுக்கு நடுவே ஒரு கவிதைப் புத்தகம் இருக்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதை அமெரிக்காவில் அப்படித்தான் வரைவார்கள் போல.

நான் மூன்றாவதாக ஒட்டிக் கிழித்த வாய், எல்லோரும் பார்த்திருக்கும் அந்தப் புகைப்படத்திலிருந்து எடுத்தது. 1965 மே 25, மெய்ன் மாநிலத்து லூயிஸ்டன். முதல் சுற்றிலேயே சானி லிஸ்டன் மல்லாந்து கிடக்கிறார். அலி வலது கையை மார்புக்குக் குறுக்கே மடக்கிக்கொண்டு, எழுந்து சண்டை போடு என்று கத்துகிறார். எடுத்தவர் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகைக்காகப் போயிருந்த நீல் லைஃபர், அப்போது வயது 22. அந்தப் படத்தை அடுத்த முறை பார்த்தால் அலியின் கால்களுக்கு நடுவே பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் கேமராவோடு ஒரு வழுக்கைத் தலை தெரியும். ஹெர்ப் ஷார்ஃப்மன். அதே பத்திரிகைக்குப் படம் எடுத்த சீனியர். அந்த நொடியில் அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு. என்றாவது மனசு சரியில்லை என்றால் நான் அந்த வழுக்கைத் தலையைத்தான் பார்ப்பேன்.

ஜிம் சுவர், டீ-சர்ட், சுவரோவியம் எங்கே பார்த்தாலும் அலி என்றால் அந்தப் படம்தான். அதைப் பார்த்து வரைகிறவர்கள் கையை வரைகிறார்கள். தோள், மடக்கிய முழங்கை, நரம்பு. வாய் ஒரு சின்னக் கறுப்புப் பள்ளமாகப் போய்விடுகிறது. என் பலகையிலும் அதுதான் நடந்தது.

சரி, மற்றவர்கள் இந்த வாயை என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். வேலையைத் தள்ளிப்போட இதைவிட மரியாதையான வழி இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1968 ஏப்ரல் மாத எஸ்குயர் அட்டை. வியட்நாம் போர் நடந்துகொண்டிருக்க, அலி ராணுவத்தில் சேர மறுத்து, பட்டம் பறிபோய், ஐந்து வருஷ சிறைத்தண்டனை தலைமேல் தொங்கிக்கொண்டிருந்த நேரம். பத்திரிகையின் அட்டைகளை வடிவமைத்த ஜார்ஜ் லோயிஸுக்கு ஒரு யோசனை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் பொட்டிசினி என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த புனித செபஸ்தியார் படம் இருக்கிறது. உடம்பெல்லாம் அம்பு தைத்த தியாகி. அதேபோல அலியை நிறுத்தினால்? கார்ல் ஃபிஷரின் ஸ்டுடியோவுக்கு அலி வந்தார், மாதிரிப் படத்தைப் பார்த்தார், இவர் கிறிஸ்தவர் ஆயிற்றே, நான் எப்படி நிற்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. உடனே அவருடைய மதத் தலைவர் எலைஜா முகமதுவுக்கு போன் போட்டார்கள். லோயிஸ் போனை வாங்கி நீண்ட நேரம் விளக்கினார். அனுமதி கிடைத்தது.

அடுத்த சிக்கல் அம்பு. மொத்தம் ஆறு. பசை போட்டு உடம்பில் ஒட்டினால் கனம் தாங்காமல் தொங்குகிறது. மேலே ஒரு கம்பியைக் கட்டி, ஒவ்வோர் அம்பையும் தூண்டில் நரம்பில் தொங்கவிட்டு நிமிர்த்தினார்கள். அதுவரை அலி அசையாமல் நிற்க வேண்டும். நின்றபடியே ஒவ்வோர் அம்பாகத் தொட்டு ஒரு பெயர் சொன்னாராம். லிண்டன் ஜான்சன், வெஸ்ட்மோர்லாந்து, மெக்நமாரா என்று போரை நடத்தியவர்களின் பட்டியல். அட்டையில் அந்தப் பெயர்கள் கிடையாது. ஆனால் ஒரு தடவை இதைக் கேட்டபிறகு அந்த அம்புகளை வெறும் அம்புகளாக என்னால் பார்க்க முடியவில்லை.

புகைப்படம்தானே, இதில் மிக்ஸட் மீடியா எங்கே வந்தது என்று கேட்கலாம். பசை, அம்பு, தூண்டில் நரம்பு, போலி ரத்தம், ஐந்நூறு வருஷத்துப் பழைய ஓவியம், ஒரு போன் கால். இதைவிட வேறென்ன கலக்க வேண்டும்? தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. வாய் வலியில் திறந்திருக்கிறது. எத்தனையோ ஆயிரம் படங்களில் சவால் விட்டுத் திறந்த வாய், இங்கே ஓசையே இல்லாமல் திறந்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ கண் முதலில் அங்கே போகிறது.

அமெரிக்க பாப் ஓவியர் ஆண்டி வார்ஹோல் கதை வேறு மாதிரி. இதைச் சொல்ல எனக்குத் தனித் தகுதி இருக்கிறது. நான் ஆறு வருஷம் ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறையில் கல்யாணப் பத்திரிகை அடித்தவன். ரிச்சர்ட் வைஸ்மன் என்ற சேகரிப்பாளர் 10 விளையாட்டு வீரர்களின் உருவப்படங்களைச் செய்யச் சொல்லி வார்ஹோலைக் கேட்டார். 1977 ஆகஸ்டில் வார்ஹோல் பென்சில்வேனியாவில் டீர் லேக் என்ற இடத்தில் இருந்த அலியின் பயிற்சி முகாமுக்குப் போனார். கையில் போலராய்டு பிக் ஷாட் கேமரா. அதில் ஃபோகஸ் திருப்ப முடியாது. படம் எடுப்பவர்தான் முன்னும் பின்னும் நடந்து சரியான தூரத்தைப் பிடிக்க வேண்டும். வெள்ளை முடிக்காரர் ஒருவர் முன்னே இரண்டடி, பின்னே இரண்டடி என்று ஆடிக்கொண்டிருக்க, எதிரே அலி பேசிக்கொண்டே இருக்கிறார். நிறுத்தவே இல்லை. கடைசியில் வார்ஹோல், நீங்கள் பேசாமல் இருக்கும்போது சில படங்கள் எடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டதாகச் சொல்வார்கள்.

அதனால்தான் அந்தப் படங்களில் அலி வாயை மூடியிருக்கிறார். கன்னத்தருகே முஷ்டி, மூடிய உதடு, நேர் பார்வை.

மற்றதெல்லாம் எங்கள் பட்டறை வேலைதான். போலராய்டைப் பெரிதாக்கி பாசிட்டிவ் எடுத்து, ஸ்க்ரீனில் எக்ஸ்போஸ் செய்து, கான்வாஸில் முதலில் தூரிகையால் வண்ணத்தை அள்ளிப் பூசி, அது காய்ந்ததும் மேலே ஸ்க்வீஜி வைத்துக் கறுப்பு மையை இழுப்பது. 40 அங்குலச் சதுரம். கறுப்புக் கோடும் கீழே உள்ள வண்ணமும் வேண்டுமென்றே ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி நிற்கும். எங்கள் பட்டறையில் மஞ்சள் ஒரு நூல் விலகினாலும் பார்ட்டி கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு முறை பிள்ளையார் தும்பிக்கை கால் அங்குலம் நகர்ந்ததற்கு 500 பத்திரிகைக்கான காசை என் சம்பளத்தில் பிடித்தார் முதலாளி. வார்ஹோல் அப்படி நகர்த்தித்தான் கோடிகளில் விற்றார். பொறாமை இல்லை, சொல்லத் தோன்றியது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உதட்டின் சிவப்பும் உதட்டின் கோடும் விலகி நிற்கும் அந்த இடைவெளியில், பேசி முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கப்போகிற ஒரு ஆள் தெரிகிறார்.

2011இல் லாஸ் ஏஞ்சலஸில் மைக்கேல் காலிஷ் என்ற கலைஞர் செய்தது இன்னும் பெரிய வேலை. ஏறத்தாழ 1,300 குத்துப்பைகளைக் கம்பிகளில் தொங்கவிட்டார். பக்கவாட்டில் நின்றால் கொத்துக் கொத்தாகப் பலாக்காய் தொங்குவதுபோல இருக்கும். ஒரே ஓர் இடத்தில் வந்து நின்றால் மட்டும் எல்லாம் சேர்ந்து அலியின் முகம். வித்தை என்ற அளவில் அபாரம். படங்களில்தான் பார்த்திருக்கிறேன், நேரில் வேறு மாதிரி இருக்கலாம். எனக்கு அது முகத்தைவிட எண்ணிக்கையைத்தான் அதிகம் சொல்கிறது. எத்தனை பை, எத்தனை கம்பி.

அதற்கு நேரெதிர், பால் ஃபைஃபர் என்பவர் 2000, 2001 ஆண்டுகளில் செய்த மூன்று வீடியோக்கள். லிஸ்டனோடு 1964இல், ஃபோர்மனோடு 1974இல், ஃப்ரேஸியரோடு 1975இல் அலி ஆடிய சண்டைகளின் காட்சி. அதிலிருந்து இரண்டு வீரர்களையும் பொறுமையாக ஒவ்வொரு சட்டகமாக அழித்துவிட்டார். மீதி இருப்பது மேடை, கயிறு, பார்வையாளர்கள். கயிறு தானாக அதிரும். கூட்டத்தின் முன்னால் காற்று மட்டும் தண்ணீர்போல நெளியும். ஆள் இல்லை. ஆனால் எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்பதை வைத்து அவர் இருக்கும் இடம் தெரிந்துவிடுகிறது. ஒட்டி ஒட்டி நான் கஷ்டப்பட, இவர் கழித்தே வேலையை முடித்திருக்கிறார்.

இந்த இடத்தில் எனக்கு நாலாவது யோசனை வந்தது. வாயை அவருடைய சொற்களாலேயே ஒட்டினால் என்ன? நாளிதழில் எழுத்தெழுத்தாக வெட்டி, உதட்டின் வளைவில் அடுக்கிவிடலாம். எந்தச் சொல்? வியட்நாம்தான். 1966 பிப்ரவரியில், ராணுவத்துக்குத் தகுதியானவர் என்று அவரை மறுபடி வகைப்படுத்திய செய்தி வந்த அன்று, மயாமியில் நிருபர்களிடம் சொன்னது: வியட்காங்குகளோடு, அதாவது அங்கே அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்டவர்களோடு, எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. இதோடு, அவர்கள் யாரும் என்னைக் கறுப்பர்களைத் திட்டும் அந்த இழிசொல்லால் அழைத்ததில்லை என்ற வரியையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னதுபோலப் பல சுவரோவியங்களில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சேர்க்கை பின்னால் வந்தது. நான் அதையும் வெட்டி வைத்திருந்தேன், 'ழி' கிடைக்காமல் இரண்டு நாள் தேடி. எடுத்துப் போட்டுவிட்டேன்.

எழுத்தை அடுக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. அலியின் வாழ்க்கையில் மிகப் பெரிய சம்பவத்தில் அவர் வாயே திறக்கவில்லை. 1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அலுவலகம். பெயரைக் கூப்பிட்டால் ஓரடி முன்னால் வர வேண்டும். வந்தால் ராணுவத்தில் சேர்ந்தாயிற்று. கேஸியஸ் மார்செல்லஸ் கிளே என்று கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. தனியே அழைத்துப்போய் தண்டனையை விளக்கினார்கள், ஐந்து வருஷம் சிறை, 10,000 டாலர் அபராதம். திரும்ப அழைத்து வந்து மறுபடி கூப்பிட்டார்கள். நின்ற இடத்திலேயே நின்றார். அவ்வளவுதான். ஓரடி. 25 வயது, தோல்வியே காணாத உடம்பு, அடுத்த மூன்றரை வருஷம் அதற்கு மேடை இல்லை. 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8-0 என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லும்போது, காற்றில் மிதந்த அந்தக் கால்கள் பழைய கால்களாக இல்லை.

நிற்கிற ஓரடியை எப்படி வரைவது? கேமரா உள்ளே இல்லை. அந்த நிமிஷத்துக்குப் படம் கிடையாது.

அப்புறம் 1984இல் பார்க்கின்சன் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்த நோயில் முகத் தசைகள் இறுகிப்போகும், குரல் தாழ்ந்துவிடும். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் தீபம் ஏற்ற வந்து நின்றபோது கை நடுங்கியது, முகம் அசையவில்லை. உலகத்திலேயே அதிகம் பேசிய விளையாட்டு வீரருக்கு வாய் போன மாதிரி. எங்கள் வீட்டுக் கறுப்பு-வெள்ளை டிவியில் பார்த்தேன். அம்மா கேட்டார், இவரா நீ சுவத்துல ஒட்டி வெச்சிருக்கிற ஆளு?

ஆர்ட்டிஸ்ட் அண்ணன் அலியை நேரில் பார்த்தவர். 1980இல் அலி மெட்ராஸுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி; முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். எல்லிஸ் சும்மா ஒரு ஆள் இல்லை. லூயிவில்காரர், அலியின் சின்ன வயதுத் தோழர். அலியிடமிருந்து பறித்த பட்டங்களில் ஒன்றுக்கு நடத்திய போட்டியில் 1968 ஏப்ரலில், அதாவது அம்பு தைத்த அட்டை வந்த அதே மாதம், ஜெயித்தவர் அவர்தான். மெட்ராஸில் அந்த இரண்டு பேரும் விளையாட்டாகக் குத்திக்கொண்டார்கள். பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை பார்த்து வளர்ந்த வடசென்னையிலிருந்து ஜனம் திரண்டு போயிருக்கிறது.

"எப்படிண்ணா இருந்தாரு?" என்று கேட்டேன்.

"எங்கேப்பா தெரிஞ்சது? நான் இருந்த இடத்துலேர்ந்து எம்.ஜி.ஆர். தொப்பிதான் தெரிஞ்சது."

இத்தனை பேர் இத்தனை விதமாகச் செய்த உருவப்படங்களில் எனக்கு மனசில் நிற்பது எது என்று கேட்டால், முகமே இல்லாத ஒன்றைச் சொல்வேன். அலியின் அப்பா, சீனியர் கேஸியஸ் கிளே, ஒரு சைன்போர்டு பெயின்டர். லூயிவில்லில் கடைகளுக்குப் பலகை எழுதினார், தேவாலயங்களில் சுவரோவியம் வரைந்தார். கறுப்பர் என்பதால் ஓவியர் என்ற பெயர் கிடைக்கவில்லை, பெயின்டர் என்ற பெயரோடு நின்றது. மற்றவர்கள் பெயரை எழுதிப் பிழைத்த மனிதர். தன் பெயரை அப்படியே மகனுக்கு வைத்தார். மகன் 1964இல் சாம்பியன் ஆன கையோடு, அது அடிமைப் பெயர் என்று சொல்லி அதைத் துறந்தார். அந்த வீட்டில் அன்று என்ன பேசிக்கொண்டார்களோ. உலகமும் லேசில் புதுப் பெயரை ஏற்கவில்லை. 1982இல்கூட பாஸ்கியா என்ற நியூயார்க் ஓவியர் தன் ஓர் ஓவியத்துக்கு 'கேஸியஸ் கிளே' என்றுதான் தலைப்பு வைத்தார்.

பிறகு டீர் லேக் முகாமில் மகன் பெரிய பெரிய பாறைகளைக் கொண்டுவந்து போட்டார். ஒவ்வொன்றும் ஒரு பழைய குத்துச்சண்டை வீரரின் நினைவுக்கு. ஜோ லூயிஸ், ராக்கி மார்சியானோ என்று அவற்றில் பெயர் எழுதிக் கொடுத்தவர் அப்பா. மகன் விட்டெறிந்த பெயரைத் தான் மட்டும் வைத்துக்கொண்டு, மகனுடைய மலையில் அடுத்தவர் பெயர்களை எழுதிக்கொண்டிருந்த பெயின்டர். வார்ஹோல் வந்த அன்றும் அந்தப் பாறைகள் அங்கேதான் கிடந்தன.

என் பலகைக்கு வருகிறேன். கடைசியில் எழுத்து வாயின் மேலே ஒரு சுற்று பேண்டேஜ் துணியை ஒட்டினேன். குத்துச்சண்டைக்காரர்கள் கையுறைக்குள்ளே கையில் சுற்றுகிற அதே மெல்லிய துணி. அடியில் உள்ள அச்செழுத்து பாதி தெரியும், பாதி மறையும். பேசவும் பேசுகிறார், மூடியும் இருக்கிறார் என்று எனக்குள் ஒரே பெருமை. ஆர்ட்டிஸ்ட் அண்ணனைக் கூப்பிட்டேன்.

வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார், நாலடி தள்ளி நின்று பார்த்தார்.

"இன்னாப்பா, பல்லு வலியா இவருக்கு?"

நான் ஒன்றும் பேசவில்லை. அவர் முகத்தை விட்டுவிட்டுக் கீழே குனிந்தார். பலகையின் அடியில் 'முகமது அலி' என்று எனாமலில் எழுதி வைத்திருந்தேன். அதையே ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு நம்பர் ஆறு பிரஷ் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். ஓரத்துப் பீங்கானில் இருந்த கறுப்பைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, 'லி' மேலே போய்த் திரும்புகிற வளைவை ஒரே இழுப்பில் சரிசெய்தார். அப்புறம் இடது கை மணிக்கட்டில் வலது கையைத் தாங்கிக்கொண்டு, 'மு'வின் வாலுக்கு வந்தார்.